வானத்தில் ஒரு தோட்டம்: ஐம்பது மாடியும் பாட்டியின் ஐந்து மாடியும்

கட்டடக் கலையைப் பற்றித் தமிழில் எழுத உட்காரும் எவரும் தஞ்சைப் பெரிய கோயிலில் தொடங்கி கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தில் முடிப்பது வழக்கமாகிவிட்டது. இரண்டும் பெருமைக்குரியவைதாம். ஆனால் அந்த இரண்டிலும் யாரும் குடியிருப்பதில்லை. சோறு பொங்கி, துணி துவைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, கடைசியில் ஒருநாள் உயிரையும் விடுகிற கட்டடங்களைப் பற்றி நாம் அதிகம் எழுதுவதில்லை. இவ்வாண்டு இதழுக்குக் கட்டுரை வேண்டும் என்று ஆசிரியர் குழுவினர் கேட்டபோது, கவிதை வராத பொறியியல் மாணவனாகிய எனக்குத் தோன்றியது இதுதான்.

என் ஊர் கோல சிலாங்கூரை அடுத்த கம்போங் குவாந்தான். மின்மினிப் பூச்சிகளைக் காண இரவில் படகேறும் இடம் என்றால் பலருக்குத் தெரியும். சிலாங்கூர் ஆற்றின் கரையில் நிற்கும் பெரெம்பாங் மரங்களில்தான் அந்தப் பூச்சிகள் வாழ்கின்றன. அம்மரங்களும் செம்பனைகளும் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியுமே எங்கள் பக்கத்து உயரங்கள். எங்கள் வட்டாரத்தின் செம்பனைக்கு ஒரு வரலாறும் உண்டு. ஹென்றி போகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கியது இங்கேதான். அத்தோட்டத்தின் பெயர் தென்னமரம். பனை நட்ட இடத்துக்குத் தென்னை என்று பெயர் இருப்பதைத் தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் நாங்கள் கேலி பேசுவோம்.

என் தாத்தாவும் பாட்டியும் இன்னொரு தோட்டத்தில் வேலை செய்தவர்கள். தோட்டம் கைமாறி, லயம் உடைக்கப்பட்ட பிறகு அவர்களுக்குக் கிடைத்தது ஓர் ஐந்து மாடி மலிவு விலைக் குடியிருப்பில் ஐந்தாம் மாடி வீடு. நம் நாட்டில் இத்தனை மாடிவரை மின்தூக்கி இல்லாமலே கட்டுகிற வழக்கம் உண்டு. செலவு மிச்சம், பராமரிக்க வேண்டியதில்லை. இருபது வயதில் அது உடற்பயிற்சி. எழுபது வயதில் அது வீட்டுக்காவல். பாட்டி வாரத்துக்கு ஒருமுறைதான் கீழே இறங்குவார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் தாத்தா இறந்தபோது சவப்பெட்டி ஐந்தாம் மாடிக்கு ஏறவில்லை. படிக்கட்டு ஒவ்வொரு மாடிக்கும் நடுவே திரும்புகிறது. திரும்பும் இடத்தின் அகலத்தைப் பிறகு நானே அளந்தேன், நான்கடிக்கும் குறைவு. ஆறரை அடிப் பெட்டி படுக்கை வாட்டத்தில் அங்கே திரும்பாது, நிமிர்த்தினால்தான் திரும்பும். மாமாக்கள் தாத்தாவைப் போர்வையில் வைத்துத் தூக்கி இறக்கினார்கள். கார் நிறுத்துமிடத்தில் கூடாரம் போட்டுச் சடங்குகள் நடந்தன. அன்றிரவு பாட்டி என்னிடம் கேட்டது ஒன்றுதான். “பொறியியல் படிக்கிறியே தம்பி, மனுசன் செத்துப் போவான்னு வீடு கட்டுறவனுக்குத் தெரியாதா?”

அதற்குப் பதில் தேடித்தான் சென்ற விடுமுறையில் சிங்கப்பூருக்குப் பேருந்து ஏறினேன். அங்கே வேலை செய்யும் சின்னம்மா மகன், என்னைவிட நான்கு வயது மூத்த அண்ணன், ஒரு சனிக்கிழமை என்னைத் தஞ்சோங் பாகாருக்கு அழைத்துச் சென்றார். நான் பார்க்க விரும்பியது கான்டோன்மென்ட் சாலையில் நிற்கும் பினாக்கல் அட் டக்ஸ்டன். ஏழு கட்டடங்கள், ஒவ்வொன்றும் ஐம்பது மாடி, மொத்தம் 1,848 வீடுகள். இவை பணக்காரர்களுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பொதுமக்களுக்காகக் கட்டியவை.

தஞ்சோங் பாகார் தமிழருக்குப் புதிய இடமன்று. துறைமுகத்தில் மூட்டை சுமந்த நம்மவர்கள் பலர் அந்தச் சுற்றுவட்டாரத்தில் வாழ்ந்தார்கள். பினாக்கலிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் கியோங் சாய்க் சாலையில் லயன் சித்தி விநாயகர் ஆலயம் இருக்கிறது. லீ குவான் இயூ 1955 முதல் பிரதிநிதித்த தொகுதியும் இதுதான். இன்று பினாக்கல் நிற்கும் நிலத்தில் 1960-களில் கட்டிய பத்து மாடிப் புளோக்குகள் இரண்டு இருந்தன. அத்தொகுதியில் கழகம் கட்டிய முதல் வீடுகளில் அவையும் அடங்கும். அவற்றை இடித்தபோது, அதே இடத்தில் நினைவில் நிற்கும்படியான ஒன்றை எழுப்ப வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது. 2001-இல் அனைத்துலக வடிவமைப்புப் போட்டி அறிவிக்கப்பட்டு, 200-க்கும் மேற்பட்ட வடிவமைப்புகள் வந்து சேர்ந்தன. வென்றவர்கள் ஆர்க் ஸ்டூடியோ என்ற சிறிய உள்ளூர் நிறுவனத்தை நடத்திய கூ பெங் பெங், பெலிண்டா ஹுவாங் தம்பதியர். கட்டடம் 2009-இன் இறுதியில் நிறைவடைந்தது. மறு ஆண்டே உயர்கட்டடங்களுக்கான அனைத்துலக மன்றம் ஆசிய, ஆஸ்திரேலேசிய வட்டாரத்தின் சிறந்த உயர்கட்டடமாக அதைத் தேர்ந்தெடுத்தது. அந்த ஆண்டு மத்தியக் கிழக்கு வட்டாரத்துக்கான விருதைப் பெற்றது புர்ஜ் கலீஃபா. கழக வீடுகள் எத்தகைய கூட்டத்தில் சேர்ந்து நின்றன என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

சரி, இந்தக் கட்டடத்தில் அப்படி என்ன இருக்கிறது?

முதலில் நிலம். அவர்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ இரண்டரை ஹெக்டர் மட்டுமே. அதில் 1,848 குடும்பங்களை வைக்க வேண்டும். வழக்கமான முறையில் கட்டினால் ஒரு வீட்டின் சன்னல் இன்னொரு வீட்டின் சமையலறையைப் பார்த்து நிற்கும். ஆகவே, ஏழு கட்டடங்களையும் ஒரே வரிசையில் வைக்காமல், மடக்கிய கொக்கிபோல் வளைத்து நிறுத்தினார்கள். ஒன்று விட்ட இடைவெளியில் மற்றொன்று பார்க்கிறது. காற்றும் வெளிச்சமும் ஊடே புகுந்து போகின்றன. கீழிருந்து பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது செம்பனை நடும் முறை. பனைகளை நேர்ச் சதுரமாக நடமாட்டார்கள், முக்கோணமாக நடுவார்கள். அப்போதுதான் ஒவ்வொரு மரத்துக்கும் வெயில் கிடைக்கும். என் தாத்தாவுக்கு இந்தக் கட்டடத்தின் தரைப்படத்தைக் காட்டியிருந்தால் உடனே புரிந்திருக்கும்.

அடுத்தது கட்டிய முறை. நெருக்கடியான நகர்ப்பகுதியில் கல்லும் மணலும் குவித்துக் கட்ட இடமில்லை. எனவே தூண்கள், தளப் பலகைகள், வெளிச்சுவர்கள் ஆகியவற்றை வேறிடத்தில் வார்த்து, லாரியில் கொண்டுவந்து, பாரந்தூக்கியால் ஏற்றி இணைத்தார்கள். வீட்டுக்குள் குறுக்கே ஓடும் உத்தரங்களும் கட்டடத்தைத் தாங்கும் சுவர்களும் இல்லாதபடி அமைத்தார்கள். பாரம் முழுவதையும் தளமும் தூண்களும் ஏற்கின்றன. உள்ளே இருக்கும் சுவர் வெறும் தடுப்பு. பிள்ளைகள் பிறந்தால் ஓர் அறையை இரண்டாக்கலாம். அவர்கள் திருமணமாகிப் போனபின் மீண்டும் ஒன்றாக்கலாம். நம் லயத்து வீட்டில் பலகைத் தடுப்பையும் சேலைத் திரையையும் வைத்துக்கொண்டு நம்மவர்கள் இதையேதான் செய்தார்கள்.

வெளிமுகப்பைப் பார்த்தால் ஒரு புளோக்கின் இரண்டு வீடுகள் அச்சடித்தாற்போல் இருப்பதில்லை. ஒன்றில் மாடம் இருக்கும், அடுத்ததில் செடி வைக்கும் தொட்டி, அதற்கடுத்ததில் வெளியே துருத்திய சன்னல். வார்த்தெடுத்த சில வகைத் துண்டுகளை மாற்றி மாற்றி இணைத்ததால் வந்த வேறுபாடு இது. வாங்கியவர்கள் தங்களுக்குப் பிடித்த வகையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் இருந்தது. குறைந்த செலவில் கட்டுவதென்றால் எல்லாமே ஒரே அச்சாக இருந்தாக வேண்டும் என்று நம் ஊரில் சொல்லும் சாக்கு இங்கே செல்லவில்லை.

இனி அனைவரும் படம் எடுக்கும் பகுதிக்கு வருகிறேன். ஏழு கட்டடங்களையும் 26-ஆம் மாடியிலும் 50-ஆம் மாடியிலும் பாலங்கள் இணைக்கின்றன. ஒரு மட்டத்துக்கு ஆறு, ஆக மொத்தம் பன்னிரண்டு. அவற்றின் மேல் புல்லும் செடிகளும் இருக்கைகளும் அமைந்த வான்தோட்டங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 500 மீட்டர் நீளம். 26-ஆம் மாடியில் மெதுவோட்டப் பாதையும் உண்டு. அங்கே குடியிருப்பாளர்கள் மட்டுமே போகலாம். 50-ஆம் மாடிக்கு வெளியாரும் கட்டணம் செலுத்தி ஏறலாம், ஆனால் நாளொன்றுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையினர்தான். நாங்கள் போன அன்று ஆளுக்கு ஆறு வெள்ளி. அண்ணன்தான் கட்டினார். நம் பணத்துக்கு மாற்றிக் கணக்குப் பார்த்துவிட்டு நான் கொஞ்சம் கூடுதல் நேரம் அங்கேயே இருந்தேன்.

பாலம் போடுவது ஏதோ பலகை வைப்பது போன்ற வேலையன்று. காற்றடித்தால் உயர்ந்த கட்டடம் அசையும், அசைய வேண்டும். பக்கத்துக் கட்டடமும் அசையும், ஆனால் அதே நேரத்தில் அதே திசையில் அசையும் என்பதற்கு உறுதியில்லை. இரண்டையும் இறுக்கமாகப் பிணைத்தால் பாலமோ சுவரோ பிளக்கும். ஆகவே, பாலத்தின் முனை கொஞ்சம் நகர்ந்துகொடுக்கும்படி பொருத்துவார்கள். நம் இரட்டைக் கோபுரத்தின் 41, 42-ஆம் மாடிகளை இணைக்கும் 58 மீட்டர் வான்பாலமும் இப்படித்தான், கோபுரங்களோடு இறுகப் பிணைக்கப்படாமல் வழுக்கி நகரும்படி அமைந்திருக்கிறது. ஆற்றில் இரண்டு படகுகளை ஒன்றாகக் கட்டும்போது கயிற்றைச் சற்றுத் தளர்வாக விடுவார்கள் அல்லவா, எங்கள் ஊர்ப் படகோட்டிக்குத் தெரிந்த அதே இயற்பியல்தான்.

இந்தப் பாலங்கள் அழகுக்கு மட்டுமல்ல. சிங்கப்பூரில் நாற்பது மாடிக்கு மேற்பட்ட குடியிருப்புகளில் தீ விபத்தின்போது மக்கள் ஒதுங்கி நிற்க இடைத்தளம் அமைக்க வேண்டும் என்பது விதி. நாற்பதாம் மாடியில் இருக்கும் முதியவரால் தரைவரை படியிறங்க முடியாது. இங்கே அவர் 26-ஆம் மாடிவரை இறங்கினால் போதும். பாலத்தைக் கடந்து தீப்பிடிக்காத அடுத்த கட்டடத்துக்குப் போய்விடலாம். அந்த மாடியில் தோட்டத்தை வைத்ததற்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. பாட்டியின் கேள்விக்கு முதல் பதில் எனக்கு அங்கேதான் கிடைத்தது. மனிதன் ஓட முடியாதவனாகவும் இருப்பான் என்பதை நினைத்துப் பார்த்த ஒருவர் போட்ட கோடு அது.

வானத்தில் வீதி அமைக்கும் எண்ணம் சிங்கப்பூரில் பிறந்ததன்று. பிரான்சின் மார்சேய் நகரில் லெ கார்புசியே 1952-இல் முடித்த 337 வீடுகள் கொண்ட குடியிருப்பில் கட்டடத்தின் நடுவே கடைவீதி இருந்தது, கூரையில் ஓட்டப் பாதையும் பாலர் பள்ளியும் இருந்தன. பினாக்கலுக்கு அதைப் பாட்டன் எனலாம். ஆனால் அந்தக் குடும்பத்தில் எல்லாப் பிள்ளைகளும் உருப்படவில்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1950-களில் புரூயிட்-ஐகோ என்ற பெயரில் பதினோரு மாடிக் கட்டடங்கள் முப்பத்து மூன்று எழுப்பப்பட்டன. வடிவமைத்தவர் மினோரு யமசாகி, பின்னாளில் நியூயார்க் உலக வாணிப மையத்தை வடிவமைத்த அதே மனிதர். செலவைக் குறைக்க மின்தூக்கி எல்லா மாடிகளிலும் நிற்காமல் மூன்று மாடிக்கு ஒருமுறை மட்டும் நிற்கும்படி செய்தார்கள். பராமரிப்புச் செலவை ஏழைக் குடியிருப்பாளர்களின் வாடகையிலிருந்தே எடுக்க வேண்டிய நிலை. குடியேறியவர்கள் குறையக் குறைய வாடகை குறைந்தது, வாடகை குறையக் குறைய விளக்கு எரியவில்லை, குழாய் பழுது பார்க்கப்படவில்லை. 1972-இல் இடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இதை எழுதும்போது சிங்கப்பூரையும் கண்மூடிப் புகழ முடியாது. அங்கும் பழைய புளோக்குகளில் மின்தூக்கி சில மாடிகளில் மட்டுமே நின்றது. மக்களுக்கு வயதாகிய பிறகுதான் அதன் துன்பம் தெரிந்தது. 2001-இல் ஒரு திட்டம் தொடங்கி, புளோக் புளோக்காக மின்தூக்கியை எல்லா மாடிகளிலும் நிற்கச் செய்தார்கள். ஆக, தவறு எல்லாரும் செய்கிறார்கள். திரும்பி வந்து திருத்துவதற்குப் பணமும் மனமும் இருந்ததா என்பதே கேள்வி. அங்கே 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நகர மன்றங்கள் மாதக் கட்டணம் வாங்கி, பொது இடங்களையும் மின்தூக்கிகளையும் கவனிக்கின்றன. பாட்டியின் புளோக்கில் மாடிப்படி விளக்கு எரியாமல் போய் எத்தனையோ மாதங்கள் ஆகின்றன. யாரிடம் சொல்வது என்பதே எங்களுக்குத் தெளிவாகவில்லை.

கழக வீடுகளில் என்னை அதிகம் கவர்ந்தது பினாக்கலின் உச்சியைவிடச் சாதாரணமான ஒன்றுதான். 1970-களிலிருந்து கட்டிய பெரும்பாலான புளோக்குகளில் தரைத்தளத்தில் வீடு கட்டாமல் வெறும் தூண்களோடு விட்டுவிட்டார்கள். மழை பெய்தாலும் நனையாத, கூரையுள்ள திடல் அது. அண்ணன் அறை எடுத்துத் தங்கியிருக்கும் புளோக்கின் கீழே ஒரு வாரம் மலாய்க்காரர் திருமணம் நடந்ததாம். அடுத்த வாரம் அதே இடத்தில் சீனர் ஒருவரின் இறுதிச் சடங்கு. “நம்ம லயத்துல நடுவுல இருந்த திடல் மாதிரிதான்டா, மேல கூர மட்டும் போட்டுட்டாங்க,” என்றார். கடைசிப் பயணத்துக்கென்று இடம் ஒதுக்கிய வரைபடம் அது. பாட்டிக்குச் சொல்ல இரண்டாவது பதில்.

நம் மக்கள் ஏன் எப்போதும் தரைவீடு கேட்கிறார்கள் என்பது எனக்கு இப்போது இன்னும் நன்றாகப் புரிகிறது. புத்ராஜெயா உருவானபோது பெராங் பெசார் முதலிய நான்கு தோட்டங்களின் தொழிலாளர்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டார்கள். சுவரில் விரிசல் விழுந்த அந்த வீடுகளிலிருந்து, வாக்களிக்கப்பட்ட தரைவீட்டுக்காக அவர்கள் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. ‘மாடி வீடு கொடுத்தாலும் திருப்தியில்லை’ என்று இதைக் குறைசொல்வோரை நம் பல்கலைக்கழக உணவகத்திலேயே கேட்டிருக்கிறேன். அவர்கள் லயத்தைப் பார்த்ததில்லை. லயம் சொகுசான வீடன்று. கூரை ஒழுகும், சுவருக்கு அப்பால் பேசுவது இப்பால் கேட்கும். ஆனால் வாசலில் உட்கார்ந்தால் நாலு பேர் முகம் தெரியும், பின்னால் முருங்கையும் கோழிக்கூண்டும் இருக்கும், பிள்ளை கத்தினால் யாராவது ஓடி வருவார்கள். 650 சதுர அடியில் மூன்று அறைகளை அடைத்துக் கதவைச் சாத்திவிடும் மலிவு விலை வீட்டில் கூரை ஒழுகாமல் இருக்கலாம். மற்ற அனைத்தும் போய்விடுகின்றன. பினாக்கலை வடிவமைத்தவர்கள் உயரத்தைக் குறைக்கவில்லை, போய்விடுகிறவற்றில் சிலவற்றையாவது மேலே கொண்டுவர முயன்றிருக்கிறார்கள். என் கணிப்பில் அந்த முயற்சி பாதிதான் வென்றிருக்கிறது. நான் போன அன்று 50-ஆம் மாடியில் படம் எடுக்கும் சுற்றுப்பயணிகளே அதிகம். அங்கே வந்து உட்கார்ந்து வெற்றிலை மடிக்கும் பாட்டி எவரும் கண்ணில் படவில்லை. 2004-இல் 4 இலட்சம் வெள்ளியை ஒட்டிய விலைக்கு விற்கத் தொடங்கிய வீடுகள் சில, பின்னர் மறுவிற்பனையில் 10 இலட்சத்தைத் தாண்டின. பொதுமக்களுக்கான வீடு என்ற சொல்லை இந்த விலை எவ்வளவு தூரம் தாங்கும் என்று தெரியவில்லை.

ஊர் திரும்பியதும் படிகளில் ஏறிப் போய்ப் பாட்டியிடம் கைப்பேசியில் படங்களைக் காட்டினேன். இது வான்தோட்டம் பாட்டி என்றேன். அவருக்குத் தோட்டம் என்றால் எஸ்டேட் மட்டும்தான்.

“வானத்துல தோட்டமா? அங்க யாருய்யா தண்டல்?” என்று கேட்டுச் சிரித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மின்தூக்கிக் கதவின் படத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். அகலம் என்ன என்று கேட்டார். பெட்டியைப் படுக்கவைத்துக் கொண்டுபோகலாமா என்பதுதான் அவர் கணக்கு என்று எனக்குப் புரிந்தது. புரியாததுபோல் இருந்துவிட்டேன்.

கீழ்மாடியில் காலியாகும் வீட்டுக்கு மாற்றிக்கொள்ள அம்மா விண்ணப்பம் எழுதச் சொல்லியிருக்கிறார். மருத்துவச் சான்றிதழையும், அந்தப் படிக்கட்டுத் திருப்பத்தின் அளவுகளை நான் வரைந்த படத்தையும் அதனோடு இணைத்திருக்கிறேன்.